ஜாபிரின் மனைவி சொன்ன இரண்டு சொற்கள்

அரபு மொழியில் இலக்கியத்தைக் குறிக்கும் ‘அதப்’ என்னும் சொல்லின் வேரைத் தேடிப் போனால் ஒரு விருந்துக் கூடத்தில் போய் நிற்போம். மக்களை அழைத்து உண்பிக்கும் உணவுக்கு ‘மஃதுபா’ என்று பெயர், அழைப்பவர் ‘ஆதிப்’. ‘லிஸானுல் அரப்’ என்னும் பேரகராதியைத் தொகுத்த இப்னு மன்ழூர் (மறைவு ஹிஜ்ரீ 711), இவ்வேரின் மூலப்பொருள் அழைத்தல் என்றும், மனிதரை நற்பண்பின்பால் அழைப்பதனாலேயே ஒழுக்கத்துக்கும் அதப் என்று பெயர் வந்தது என்றும் விளக்குகிறார். மத்ரஸாவில் ஓதிய காலத்தில் இதை மனனம் செய்தோம், பிறகு எம்.ஏ. தேர்விலும் எழுதினோம். அழைத்தவர் யார், அழைப்பு எதற்கு என்பதற்கெல்லாம் இச்சொற்குடும்பத்தில் தனித்தனிச் சொல் உண்டு. ஆக்கியவர் யார் என்பதற்கு மட்டும் அதில் ஒரு சொல்லும் இல்லை. இதை நான் கவனித்தது மிகவும் பிற்பாடுதான்.

கவனிக்க வைத்தது ஒரு சிரிப்பு. ஆண் மாணவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் நடத்திய ‘ரியாளுஸ் ஸாலிஹீன்’ பாடத்தைச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பருவம் மட்டும் மாணவியர் பிரிவில் நடத்தும்படி நேர்ந்தது. திரைக்கு இப்பால் நான். அப்பால் இருபது முப்பது பெண்கள். அகழ்ப்போரின்போது ஜாபிர் பின் அப்தில்லாஹ் (ரலி) அளித்த விருந்தைப் பற்றிய ஹதீஸை வாசித்துக்கொண்டு வந்தேன். ஓரிடத்தில் இரண்டே இரண்டு சொற்கள் வருகின்றன: ‘பிக வபிக’. நான் பொருள் சொல்வதற்கு முன்பே திரைக்கு அப்பால் சிரிப்பு எழுந்தது. ஆண்கள் வகுப்பில் ஒரு முறையேனும் அந்த இடத்தில் எவரும் சிரித்ததாக நினைவில்லை. அவர்களுக்கு அது இலக்கணச் சிக்கலுள்ள ஒரு தொடர்; ‘விளக்கம் பின்னால் வரும்’ என்று ஓரத்தில் குறித்துக்கொண்டு தாண்டிவிடுவார்கள். நானும் தாண்டியிருக்கிறேன்.

நிகழ்ச்சியை வாசகர் அறிவர். எனினும் அதைச் சமையற்கட்டின் பக்கமிருந்து ஒரு முறை சொல்ல வேண்டியிருக்கிறது.

ஹிஜ்ரீ 5ஆம் ஆண்டு. மதீனாவைச் சுற்றி அகழ் தோண்டுகிறார்கள். மூன்று நாட்களாக எவரும் உணவைச் சுவைக்கவில்லை. நபி (ஸல்) அவர்களின் வயிற்றில் கல் கட்டப்பட்டிருப்பதை ஜாபிர் (ரலி) காண்கிறார், பொறுக்கவில்லை. அனுமதி பெற்று வீட்டுக்கு ஓடி வந்து மனைவியிடம் என்ன இருக்கிறது என்று கேட்கிறார். அந்த அம்மையார் ஒரு தோற்பையை எடுத்துக் காட்டுகிறார்; அதில் ஒரு ஸாஃ வாற்கோதுமை. வீட்டில் வளர்ந்த சிறிய ஆடு ஒன்றும் உண்டு. கணவர் ஆட்டை அறுக்கிறார். மனைவி கோதுமையை அரைக்கிறார். இருவர் வேலையும் ஒரே நேரத்தில் முடிந்தது என்று ஜாபிர் (ரலி) சொல்கிறார். அறிவிப்பாளர் சொல்லாமல் விட்டிருந்தாலும் வரலாற்றுக்கு இழப்பு எதுவுமில்லாத ஒரு செய்தி இது. ஆனால் அவர் சொல்கிறார். இறைச்சி சட்டிக்குள் போகிறது. கணவர் புறப்படும்போது மனைவி ஒன்றே ஒன்றைக் கேட்டுக்கொள்கிறார்: இறைத்தூதர் முன்னிலையிலும் அவர்களுடன் இருப்போர் முன்னிலையிலும் என்னைத் தலைகுனிய வைத்துவிடாதீர்கள்.

ஜாபிர் (ரலி) போய்ச் செவியோடு செவியாக, தாங்களும் இன்னும் சிலரும் வாருங்கள் என்று மெல்லச் சொல்கிறார். நபி (ஸல்) அவர்களோ, அகழ் தோண்டுவோர் அனைவரையும் உரத்த குரலில் கூப்பிட்டு, ஜாபிர் விருந்து செய்திருக்கிறார் என்று அறிவித்துவிடுகிறார்கள். விருந்துக்கு அவர்கள் அங்கே பயன்படுத்திய சொல் ‘ஸூர்’. அது பாரசீகச் சொல். அரபியல்லாத மொழியில் பேசுவது பற்றிய பாடத்தில் இமாம் புகாரி (ரஹ்) இந்த ஹதீஸை எடுத்தாள்வது அதனால்தான். (அடுப்படியைச் சுற்றியே அயற்சொற்கள் சேர்கின்றன போலும். ஐரோப்பியர் விட்டுச்சென்ற ‘குசினி’ எங்கள் காரைக்காலில் இன்றும் வீட்டுக்குள் புழங்குகிறது. 1954இல் பிரெஞ்சுக் கொடி இறங்கியது, குசினி இறங்கவில்லை.) ஆயிரம் பேர் வருகிறார்கள். ஜாபிர் (ரலி) ஓடோடி வந்து மனைவியிடம் செய்தியைச் சொல்ல, அவர் திருப்பிச் சொன்னவையே அந்த இரண்டு சொற்கள்.

‘பிக வபிக’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘உமக்கு, இன்னும் உமக்கு’ என்று ஏதோ பாதியில் நிற்கும். அது முழு வாக்கியம் அன்று. அவர் சொன்ன வசவை அறிவிப்பாளர் முழுதாகத் தராமல், வசவு நடந்தது என்பதை மட்டும் காட்டும் குறிப்புச் சொல் அது. தமிழில் ‘அப்படி ஆக, இப்படி ஆக என்று ஏசினாள்’ என்போமே, அதைப் போன்றது. இமாம் நவவீ (ரஹ்) ரியாளிலேயே ஹதீஸின் அடியில் இதற்குப் பொருள் எழுதியிருக்கிறார்: அவர் கணவரிடம் சண்டையிட்டார், ஏசினார், இருக்கும் உணவு வருபவர்களுக்குப் போதாது என்று கருதி நாணினார், நடக்கவிருந்த அற்புதம் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. மழுப்பாத விளக்கம். இன்னோர் அறிவிப்பில் ஏச்சு இல்லை. ‘அவர்கள் உங்களிடம் கேட்டார்களா?’ என்ற ஒரே கேள்வி இருக்கிறது. எவ்வளவு உணவு இருக்கிறது என்பதைக் கேட்டார்களா என்பது அதன் கருத்து. கேட்டார்கள் என்கிறார் ஜாபிர் (ரலி). இவ்விரு அறிவிப்புகளையும் இணைத்து இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (ரஹ்) ‘ஃபத்ஹுல் பாரீ’யில் தரும் விளக்கம் மிக நுட்பமானது. உணவின் அளவைக் கணவர் சொல்லவில்லை போலும் என எண்ணியே அவர் முதலில் சண்டையிட்டார். சொல்லப்பட்டது என அறிந்தவுடன் அமைதியானார். இது அவருடைய அறிவின் நிறைவைக் காட்டுகிறது என்கிறார். எகிப்தின் தலைமைக் காழியாக இருந்தவர், ஒரு பெண் அடுப்படியில் கோபித்த கோபத்தின் காரணத்தைப் பகுத்து, அது எந்த இடத்தில் தணிந்தது என்று ஆராய்ந்து, அதை அறிவு என்று தீர்ப்பெழுதுகிறார்.

இப்போது நம் பயான்களுக்கு வருவோம். இந்த ஹதீஸை நான் மேடைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், சொல்லியும் இருக்கிறேன். கல் கட்டிய வயிறு வரும். ஆயிரம் பேர் வருவார்கள். குறையாத சட்டி வரும். கேட்போர் கண் கலங்குவார்கள். ஏச்சு வராது. தலைகுனிய வைத்துவிடாதீர்கள் என்ற வேண்டுகோளும் பெரும்பாலும் வராது. ஸஹாபிப் பெண்மணி ஒருவர் கணவரை ஏசினார் என்று சொல்வது மரியாதைக் குறைவு என்று நாம் கருதுகிறோம் போலும். ஜாபிர் (ரலி) கருதவில்லை. புகாரி கருதவில்லை. நவவீ, இப்னு ஹஜர் ஆகியோர் கருதவில்லை. அவர்கள் காத்துத் தந்த இரண்டு சொற்களை நாம் பண்பாட்டின் பெயரால் இழந்துகொண்டிருக்கிறோம். அற்புதத்தைச் சொல்லும்போதும் இதனால் இழப்புத்தான். ஆயிரம் பேருக்கு முன்னால் ஒரு ஸாஃ மாவுடன் நின்ற பெண்ணின் திகைப்பை எடுத்துவிட்டால், சட்டி குறையாமல் இருந்ததன் வியப்பு யாருடைய கண்களின் வழியாக நமக்கு வரும்?

இதில் என் பங்கையும் எழுதிவிடுகிறேன். எங்கள் ஊரில் அஸருக்குப் பின் விருந்தாளி வருவது வழக்கம். வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்தவர், பிரான்சிலிருந்து வந்த உறவுக்காரர், பழைய மாணவர் என எவரேனும் பள்ளிவாசலில் எதிர்ப்படுவார். ‘வாங்க, வீட்டுக்குப் போகலாம்’ என்று வாய் சொல்லிவிடும். ஒரு நாள் அப்படி மூவரை அழைத்து வந்தேன். வெகுநேரம் பேசிக்கொண்டிருந்து, மஃரிபும் தொழுது, சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று வற்புறுத்தி உட்கார வைத்தேன். சோறு வந்தது; புளியாணமும் சுட்ட கருவாடும் முட்டைப் பொரியலும் வந்தன. பெரிய விருந்துகளில் கிடைக்காத சுவை என்று வந்தவர்கள் புகழ்ந்தார்கள். எங்கள் வீட்டில் எந்த நேரத்தில் வந்தாலும் சோறு உண்டு என்று நான் பெருமையோடு சொன்னேன். அவர்களை வழியனுப்பிவிட்டு உள்ளே போனால், மனைவி தேநீரில் ரொட்டியை நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். “எந்நேரமும் சோறு உண்டுன்னு சொன்னீங்களே, அது உங்க வாயில இருந்துச்சு. பானையில இருந்துச்சா?” என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. அன்று காலையில்தான் வகுப்பில் விருந்தோம்பல் பற்றிய ஹதீஸ்களை நடத்தியிருந்தேன்.

காரைக்காலில் வாழ்பவன் விருந்தைப் பற்றிப் பேசும்போது இந்த ஊரின் முதற்பெருங்கதையைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது. ஆனி மாதத்தில் மாங்கனித் திருவிழா நடக்கும்போது வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழங்களை எறிவதையும், தெருவில் கூட்டம் அவற்றைத் தாவிப் பிடிப்பதையும் சிறுவயதில் நாங்களும் முனையில் நின்று பார்த்திருக்கிறோம். அந்த விழாவின் பின்னாலிருப்பது ஓர் அடுப்படிக் கதை என்பது, பன்னிரண்டாம் நூற்றாண்டின் சேக்கிழாருடைய பெரியபுராணத்தை வாசித்த பிறகே எனக்கு விளங்கிற்று. சமய நம்பிக்கை சார்ந்த பகுதிகளை அந்தச் சமயத்தாரிடம் விட்டுவிடுகிறேன். இலக்கியம் பயின்றவன் என்ற முறையில் அந்த அடுப்படியை மட்டும் பார்க்கிறேன்.

வணிகர் தனதத்தனின் மகள் புனிதவதி. நாகப்பட்டினத்து நிதிபதியின் மகன் பரமதத்தனுக்கு அவரை மணம் முடிக்கிறார்கள். மகளைக் கணவன் ஊருக்கு அனுப்ப மனமில்லாத தந்தை, காரைக்காலிலேயே தம் வீட்டருகே மாளிகை அமைத்துத் தம்பதியரைக் குடிவைக்கிறார். கடற்கரை முஸ்லிம்களுக்கு இதைப் படிக்கும்போது புன்னகை வரும். வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை பெண் வீட்டில் என்பது நாகூர், காரைக்கால் பகுதிகளிலும் தெற்கே காயல்பட்டினத்திலும் நம் குடும்பங்கள் நன்கறிந்த ஏற்பாடு. ஒரு நாள் கடைக்கு வந்தவர்கள் கொடுத்த இரண்டு மாம்பழங்களைப் பரமதத்தன் வீட்டுக்கு அனுப்புகிறான். பசியோடு ஓர் அடியார் வந்துவிடுகிறார். சோறு ஆகியிருக்கிறது, கறி இன்னும் ஆகவில்லை. ஆகவே புனிதவதி ஒரு மாம்பழத்தை வைத்துச் சோற்றைப் பரிமாறுகிறார். எது ஆகியிருந்தது, எது ஆகாதிருந்தது என்று சேக்கிழார் பிரித்துச் சொல்லும் இந்த இடம், தோற்பையில் ஒரு ஸாஃ என்று அளவு சொன்ன ஜாபிர் (ரலி) அவர்களின் கண்ணுக்கு அருகில் வருகிறது. இருவருமே அடுப்படியின் வாசலில் நிற்காமல் உள்ளே போய்ப் பார்த்தவர்கள்.

நண்பகலில் கணவன் வந்து உண்கிறான். மீதமுள்ள பழத்தைப் புனிதவதி வைக்கிறார். சுவை மிகுந்திருக்கவே, மற்றொன்றையும் கொண்டுவரச் சொல்கிறான். இந்த இடத்தில் எனக்கு ஒரு கேள்வி உண்டு. நீண்ட நாளாக இருந்துவருகிறது. ‘பசியோடு வந்தவருக்குக் கொடுத்துவிட்டேன்’ என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் போதும், அது அறம், மறைக்க ஏதுமில்லை. ஆனால் அவர் சொல்லவில்லை. அப்பால் போய் நின்று கலங்கி இறைவனை நினைக்கிறார். கையில் கனி வருகிறது. கணவன் அதைத் தின்று, இது முன்னதைப் போன்றதன்று, எங்கிருந்து பெற்றாய் என்று கேட்கும்போதுதான் உண்மை வெளிவருகிறது. மீண்டும் ஒரு கனி வரவழைக்கச் சொல்கிறான்; வருகிறது; அவன் கையில் வாங்கியதும் மறைகிறது. அச்சம் அவனைப் பற்றிக்கொள்கிறது. கப்பலேறிப் போகிறான், திரும்பி வந்து பாண்டிநாட்டில் வேறொருத்தியை மணக்கிறான். அவரோ உடலின் தசையை உதறிப் பேயுருவம் வேண்டிப் பெறுகிறார்.

அடியார் வந்ததற்கும் கணவன் இரண்டாம் பழத்தைக் கேட்டதற்கும் இடையில் அந்த வீட்டில் ஒரு சொல் பேசப்படவில்லை. இதைச் சேக்கிழாரின் குறையாக நான் சொல்லவில்லை. பேசப்படாத அந்த இடத்தைத் திறந்து வைத்ததே அவருடைய பெருமை. ஜாபிரின் வீட்டில் அற்புதத்துக்கு முன்னால் ஓர் ஏச்சு இருந்தது. காரைக்கால் வீட்டில் அற்புதத்துக்கு முன்னால் மௌனம் இருந்தது. முதல் வீட்டில் உணவு பெருகிற்று, குடும்பம் நிலைத்தது. இரண்டாம் வீட்டிலும் கனி பெருகிற்று, குடும்பம் நிலைக்கவில்லை. இருவேறு மரபுகளின் கதைகளை எடைக்கல்லில் வைப்பது என் நோக்கமன்று. ஒரு பெண் தன் அடுப்படியின் உண்மை நிலவரத்தைக் கணவனிடம் வாய்விட்டுச் சொல்ல முடிகிறதா இல்லையா என்பதை இரண்டு பிரதிகளுமே கதையின் திருப்புமுனையில் வைத்திருக்கின்றன என்றே சொல்கிறேன்.

இனி, கரையோரத்தில் நாம் பின்பற்றும் ஷாஃபிஈ சட்ட மரபு. அஸ்மா பின்த் அபீபக்ர் (ரலி) தம் இல்வாழ்வைப் பற்றிச் சொன்ன ஹதீஸ் இரு ஸஹீஹ்களிலும் உள்ளது. குதிரைக்குத் தீனி போடுவேன், தண்ணீர் இறைப்பேன், மாவு பிசைவேன், ஆனால் எனக்கு நன்றாக ரொட்டி சுட வராது, அண்டையிலிருந்த அன்ஸாரிப் பெண்கள் சுட்டுத் தருவார்கள் என்கிறார். அபூபக்ர் (ரலி) அவர்களின் மகளுக்கு ரொட்டி சுட வராது என்பதை நம் மாமியார்கள் அறிந்திருக்கிறார்களா தெரியவில்லை. இந்த ஹதீஸுக்கு முஸ்லிம் விரிவுரையில் இமாம் நவவீ (ரஹ்) எழுதுவது வெளிப்படையானது: சமைப்பதும் சுடுவதும் துவைப்பதும் மனைவி கணவனுக்குச் செய்யும் உபகாரம், உலகம் ஒப்புக்கொண்ட நல்வழக்கம், ஆனால் அவள்மீது கடமையன்று, எதையும் செய்யாமல் இருந்தாலும் குற்றவாளியாக மாட்டாள். ஹனஃபீ மரபில் இது சற்று வேறுபடும். மார்க்கப் பொறுப்பு என்ற நிலையில் கடமை என்றும், காழி கட்டாயப்படுத்த முடியாது என்றும் சொல்வர்.

நவவீயின் ‘மின்ஹாஜ்’ இன்னும் ஒரு படி மேலே போகிறது. வசதியுள்ளவன் மனைவிக்கு நாளொன்றுக்கு 2 முத்து, வசதியற்றவன் 1 முத்து, நடுத்தரத்தான் ஒன்றரை முத்து தானியம் தர வேண்டும். அதை அரைப்பதும் சுடுவதும்கூட அவன் பொறுப்பு. சட்டி, கிண்ணம், குடம், கூஜா எல்லாம் அவன் வாங்கித் தர வேண்டும். 1 ஸாஃ என்பது 4 முத்து. ஜாபிரின் வீட்டுத் தோற்பையிலிருந்தது, மின்ஹாஜின் கணக்குப்படி ஓர் ஏழையின் மனைவிக்கு நான்கு நாள் உணவு. அதுதான் அன்று ஆயிரம் பேருக்குப் போனது. பாபுன் நஃபகாத்தை நான் ஆண்டுதோறும் நடத்துகிறேன். அரைக்கூலி யாருடையது என்று தேர்வில் கேள்வியும் கேட்கிறேன். முழு மதிப்பெண் பெற்ற மாணவனும் பெற வைத்த ஆசிரியனும் வீட்டுக்குப் போய், ஆணத்தில் உப்பில்லை என்று சொல்கிறோம். நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை சொன்னதில்லை. விரும்பினால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள் என்ற ஹதீஸையும் நாமே நடத்துகிறோம்.

இதில் ஒரு வியப்பு: நவவீ (ரஹ்) திருமணம் செய்துகொள்ளாதவர். ஹிஜ்ரீ 676இல் நாற்பத்தைந்து வயதில் மறையும்வரை நூல்களோடு வாழ்ந்தவர். மனைவியின் கைச்சோறு உண்டறியாத அவர் எழுதியதே, அடுப்படிக்குள் நிற்பவளின் பக்கத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. ஆனால் அவரிடமும் எனக்கு ஒரு விமர்சனம் உண்டு. ரியாளில் ஜாபிரின் ஹதீஸை அவர் வைத்திருப்பது பசியின் சிறப்பு, எளிய வாழ்வு பற்றிய பாடத்தில். அங்கு வைத்ததால் கல் கட்டிய வயிறு முன்னால் வந்து, மாவரைத்த கை பின்னால் போயிற்று. விருந்தினரைக் கண்ணியப்படுத்தும் பாடத்தில் வைத்திருந்தால் நாம் வேறு விதமாகப் படித்திருப்போம். அந்தப் பாடத்தின் தொடக்கத்தில் அவர் எடுத்தாள்வது இப்றாஹீம் (அலை) அவர்களின் விருந்தினர் பற்றிய வசனங்கள். விருந்தினர் அறியாதவாறு நழுவிக் குடும்பத்தாரிடம் சென்றார் என்பதற்கு அல்குர்ஆன் ‘ராக’ என்னும் வினையை ஆள்கிறது. வந்தவர் கூச்சப்படாதிருக்க அப்படி நழுவியதைத் தஃப்ஸீர்கள் வெகுவாகப் பாராட்டுகின்றன. வேறோர் அத்தியாயத்தில் இதே நிகழ்ச்சியைச் சொல்லும்போது, அவருடைய மனைவி நின்றுகொண்டிருந்தார், சிரித்தார் என்று வருகிறது. எங்கே நின்றார்? திரைக்கு அப்பால் என்றனர் சிலர். விருந்தினருக்குப் பணிவிடை செய்துகொண்டு என்றனர் வேறு சிலர். ஏன் சிரித்தார் என்பதில் கருத்துகள் இன்னும் பல. என் வகுப்பின் திரையை எண்ணிக்கொண்டேன்.

நம் தமிழ் எழுத்துக்கு வருவோம். மறைந்த தோப்பில் முகமது மீரானின் ‘சாய்வு நாற்காலி’ (சாகித்திய அகாதமி விருது, 1997) உணவைப் பற்றிய நாவலாக நம்மிடையே பேசப்பட்டதில்லை. ஆனால் அது உணவைப் பற்றியதே. நாவலின் முஸ்தபாக்கண்ணு உழைக்காமல் சாய்ந்திருந்து, நாக்கின் ருசிக்காக முன்னோர் வீட்டின் பொருட்களை ஒவ்வொன்றாக விற்றுத் தின்கிறான். பழம்பெருமை என்பது எதனால் சமைக்கப்பட்ட சோறு என்பதை இவ்வளவு கடுமையாக நம்முள் வேறெவரும் எழுதவில்லை. அங்கும் நாம் பார்ப்பது உண்பவனின் பக்கத்தை. அடுப்பின் பக்கத்தை விரிவாகக் காட்டியது சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ (2004). அந்நாவல் வந்தபோது எங்கள் வட்டாரத்தில் எழுந்த வாதங்கள் அனைத்தும் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதைச் சுற்றியே நின்றன. எனக்கும் அதில் உடன்பாடில்லாத பக்கங்கள் உண்டு. ஆனால் வீட்டுவேலையினூடே பெண்கள் பேசும் பேச்சை அது பதிவு செய்த விதத்தை நாம் மதிப்பிடாமலே விட்டோம். ‘பிக வபிக’வை மேடையில் தாண்டிப் போகும் பழக்கமுள்ளவர்கள் அந்நாவலை வேறெப்படிப் படித்திருக்க முடியும்?

இவ்விரண்டையும் விட்டால் நம் மலர்களிலும் ஊர் வரலாறுகளிலும் உணவு என்றால் நெய்ச்சோறு, பிரியாணி, கந்தூரி, சஹனைச் சுற்றி அமர்ந்து உண்ணும் ஒற்றுமை. வருடத்தில் பத்து நாள் நடக்கும் விருந்தை எழுதுகிறோம். அதை ஆக்குபவர் கூலிக்கு வந்த ஆண் பண்டாரி. மற்ற முந்நூற்றைம்பது நாளும் சோறாக்குபவரை எழுதுவதில்லை. அரபு இலக்கியமும் இதில் முழுத்தூய்மை உடையதன்று. ஹிஜ்ரீ 255இல் மறைந்த அல்ஜாஹிழ் ‘கஞ்சர்கள்’ நூலில் அன்றாடச் சோற்றைப் பற்றி எழுதியதைப் போல் நுட்பமாக எவரும் எழுதவில்லை. ரொட்டியை எண்ணி வைப்பவன், விருந்தாளியின் கவளத்தை அளப்பவன் என வயிறு குலுங்கச் சிரிக்க வைப்பார். ஆனால் அங்கும் கஞ்சத்தனமும் கொடைத்தனமும் ஆணின் குணங்கள். சட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று உண்மையில் அறிந்தவர் அந்நூலில் அதிகம் பேசுவதில்லை.

விருந்தாளிக்கும் ஓர் அதப் உண்டு. அதையும் நாம் சுருக்கமாகவே ஓதுகிறோம். உணவு ஆகும் வரை காத்திருக்கும்படி முன்னதாகப் போய் அமராதீர்கள், உண்டதும் கலைந்து செல்லுங்கள், பேச்சில் லயித்து உட்கார்ந்துவிடாதீர்கள் என்று அல்குர்ஆனின் 33ஆம் அத்தியாயம் நபியின் வீட்டு விருந்தை முன்வைத்துச் சொல்கிறது. எழுந்து போகச் சொல்ல அவர்கள் நாணினார்கள் என்பதையும் அதுவே சொல்கிறது. ஆனால் 24ஆம் அத்தியாயமோ உறவினர் வீடுகளிலும் நண்பர் வீட்டிலும் சம்பிரதாயமின்றி உண்பதில் குற்றமில்லை என்கிறது. அழையாமல் போய் உண்ணும் அந்த உரிமை இனியது, இழக்கக் கூடாதது. என் கேள்வியெல்லாம் ஜாபிர் (ரலி) அவர்களிடம் அவர் மனைவி கேட்ட அதே கேள்விதான். இப்போது எல்லார் சட்டைப்பையிலும் கைப்பேசி இருக்கிறது.

மாணவியர் வகுப்பு முடிந்த அன்று, ‘பிக வபிக’வைத் தமிழில் எப்படிப் பெயர்க்கலாம் என்று வீட்டில் கேட்டேன். மனைவி சற்று யோசித்தார். “அந்த அம்மா என்ன சொன்னாங்கங்கிறத ஜாபிர் நாயகமே மறைச்சுத்தானே சொல்லியிருக்காங்க. நீங்க எதுக்குத் தோண்டுறீங்க? ஏசினாங்கன்னு மட்டும் சொல்லுங்க. அதைக்கூட யாரும் சொல்றதில்லையே” என்றார். என் குறிப்பேட்டில் அந்த இடத்தை அவ்வாறே எழுதிக்கொண்டேன்.

ஹதீஸின் முடிவில் இன்னொன்று இருக்கிறது. ரொட்டி சுடத் துணைக்கு ஒரு பெண்ணை அழைத்துக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் சொல்கிறார்கள். சட்டியை அடுப்பிலிருந்து இறக்காமல் அள்ளச் சொல்கிறார்கள். ஆயிரம் பேரும் உண்டு போன பிறகு, மீந்ததைக் காட்டி, இதை நீ உண், பிறருக்கும் கொடுத்தனுப்பு, மக்கள் பஞ்சத்தில் இருக்கிறார்கள் என்கிறார்கள். தமிழில் பெயர்க்கும்போது இது யாரை நோக்கிச் சொல்லப்பட்டது என்பது மறைந்துவிடும். ஜாபிர் (ரலி) அருகில்தான் நின்றிருப்பார். ஆனால் அரபு மூலத்தில் அந்த இரண்டு வினைகளும், ‘குலீ’, ‘அஹ்தீ’, முன்னிலைப் பெண்பால் ஒருமை ஏவல்.